செம்புக்கு அடியில் ஒரு துணி

இன்று காலை பூசை முடித்துவிட்டுத் தீர்த்தச் செம்பை எடுத்தால், அடியில் இருந்த அலுமினியத் தட்டில் வெள்ளையாக ஒரு வட்டம். விபூதி சிந்தியிருக்கிறது என்று நினைத்து விரலால் வழித்தேன். வரவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. தட்டே அந்த இடத்தில் பூத்துப்போய்ச் சின்னச் சின்னக் குழியாகிவிட்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை இளநீர் கொஞ்சம் சிந்தினது நினைவு இருக்கிறது. துடைக்க வேண்டும் என்று நினைத்ததும் நினைவு இருக்கிறது. துடைத்ததுதான் நினைவில் இல்லை.

செம்புக்கு அடியில் ஒரு துணி போட வேண்டும். இந்த வீட்டில் அது சட்டம். சட்டம் போட்டவள் போன தை மாதத்துக்குப் பிறகு இல்லை. துவைக்கப் போட்ட துணியைத் திரும்ப எடுத்து விரிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளைப் பொடிக்கு வாசனை ஒன்றும் கிடையாது. ஆனால் பாருங்கள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு மண்ணெண்ணெய் வாசனை வந்தது. மண்ணெண்ணெயும் மீன் கவிச்சியும் கிரீசும் கலந்த ஒரு வாசனை. அது என் மச்சானுடைய படகு வாசனை.

மச்சான் என்றால் என் மனைவி பேச்சியம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவள் வீட்டில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். வைகை அணைத் தண்ணீரின் வடகரையில் ஓட்டுச்சாய்ப்பு ஒன்றில் இருந்துகொண்டு மீன் பிடித்தார். எங்கள் வீடு தேவதானப்பட்டியில். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு பம்புசெட் எஞ்சின் பழுது பார்க்கிற கடை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஞ்சின் மட்டும் என்னிடம் ஒளித்து மறைத்துப் பேசாது, அம்மன் புண்ணியத்தில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பேச்சி சோறு கட்டிக்கொண்டு வர, இரண்டு பேரும் அணைக்கரைக்குப் போவோம். எங்களுக்குத் திருவிழா, ஊர்ப்பயணம், உறவுமுறை எல்லாம் அதுதான்.

அங்கே மற்றவர்கள் எல்லாம் பரிசல்தான் வைத்திருந்தார்கள். மச்சானிடம் மட்டும் அலுமினியப் படகு. ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்டதைத் தேனி காயலான் கடையில் பார்த்து எடுத்துவந்தது. உட்காரப் பலகை இரண்டு, துடுப்பு இரண்டு. வெயிலில் தகதகவென்று கண்ணைப் பறிக்கும். "என்ன மாப்ள, நம்ம சோத்துப் பானைய நீட்டிவிட்ட மாதிரி இருக்குல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஐப்பசி மழையில் கரைச் சேற்றில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது தோள் இறங்கிவிட்டது. எலும்பைப் பொருத்திவிட்டார்கள். ஆனால் கையைத் தூக்கித் தலை சீவ முடியும், துடுப்புப் போட முடியாது. அதிலும் எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பத்துப் பக்கமிருந்து கிளம்பினால் வேட்டி கட்டின ஆளை நேராக நடக்க விடாது. அந்தக் காற்றில் ஒற்றைக் கையால் படகு தள்ளுகிற பேச்சே இல்லை.

மலைமேல் வண்டன்மேட்டில் ஒரு ஏலத்தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டார்கள். மச்சான் போகிறேன் என்று சொல்லிவிட்டார். காவல்காரன் தோட்டத்தை விட்டு இறங்க முடியாது. மேலே போனால் போனதுதான். அன்றைக்கு வீடு திரும்புகிற பஸ்ஸில் பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை.

"அண்ணன் மேல ஏறிட்டாகன்னா, பொறந்த வீடுன்னு நான் எங்கன போயி நிப்பேன்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது மூலையில் கிடந்த ஒரு எஞ்சின் கண்ணில் பட்டது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சின்ன எஞ்சின். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், கரண்டு வந்த பிறகு இது எதற்கு என்று எனக்கே விட்டுப்போனது. ஒரு ஆள் தூக்கிவிடலாம். காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும், தண்ணீர்க் குழாய் வேண்டாம். கயிறைச் சுற்றி இழுத்தால் கிளம்பிவிடும். படகுக்கு வெளியே தொங்கவிடுகிற மோட்டார் எல்லாம் உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அது நின்றுபோனால் இந்தப் பள்ளத்தாக்கில் யார் பார்ப்பது? பம்புசெட் எஞ்சின் என்றால் ஊருக்கு ஊர் ஆள் உண்டு. எஞ்சினைப் படகுக்கு உள்ளேயே உட்கார வைத்து, அடியில் ஒரு தண்டு விட்டு, முனையில் விசிறி மாட்டினால் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிற எஞ்சினுக்கு அணைத் தண்ணீரைப் பின்னால் தள்ளத் தெரியாதா?

மச்சானிடம் சொன்னேன். படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்டு வெளிய போக ஓட்டை போடணுமா?"

"ஆமா மச்சான்."

"மாப்ள, தண்ணி உள்ள வராம இருக்கத்தான்யா படகு. அதுல போயி ஓட்டை போடுறேங்கிற."

"போட்டு அடைச்சிருவேன்."

"அதுக்குப் போடாமலே இருக்கலாம்ல?" என்றவர், பேச்சி முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு வருசம் ஓடட்டும். ஓடலைன்னா மலைக்குப் போறேன். அப்ப அழுகக்கூடாது ஆத்தா" என்றார்.

அலுமினியத்தை நம் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது. தேனியில் ஆர்கன் வெல்டிங் கடை ஒன்று இருந்தது. வாழைத்தார் ஏற்றுகிற மினிலாரியில் சருகுக்கு மேலே படகைக் கவிழ்த்துக் கொண்டுபோனோம். தேனிச் சந்திப்பில் வண்டி நின்றபோது டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன அண்ணாச்சி, தேனிக்குள்ள கடல் வந்துருச்சா?" என்றார். "சாயங்காலம் வருது, வீட்ட காலி பண்ணிரு" என்றார் மச்சான். கடையில் ஓட்டை போடும்போது மட்டும் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசிறிக்குத் தூத்துக்குடி போகவேண்டியிருந்தது. சந்தைக்கு வருகிற கருவாட்டு வியாபாரி ஒருவர் கடை அடையாளம் சொல்லி அனுப்பினார். பித்தளை விசிறி பளபளவென்று அழகாக இருந்தது. அதைத்தான் கேட்டேன். கடைக்காரர், "எந்தப் படகுக்கு?" என்றார். அலுமினியம் என்றேன். எடுத்ததை உள்ளே வைத்துவிட்டார்.

"செம்பு, பித்தளை, வெண்கலம் எதையும் அலுமினியத்துக்கிட்ட சேக்காதீங்க. தண்ணி பட்டுச்சுன்னா அலுமினியத்தத் தின்னுரும். ஒரு ஆணி கூட ஆகாது. வெளங்குதா?"

விளங்கியது. அலுமினிய விசிறியே வாங்கினேன். ஊருக்கு வந்து மச்சானிடமும் பேச்சியிடமும் அதைப் பெரிய படிப்பாளி மாதிரி இரண்டு தரம் சொன்னேன். போல்ட்டுக்கு அடியில் போடுகிற வாஷரைக் கூடப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன்.

எஞ்சின் உட்காரப் படகின் அடியில் வேப்பமரச் சட்டம் போட்டோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுமேட்டில் புது எஞ்சின் இறக்கினால், அதன் அஸ்திவாரத்துக்குள் சாமி தகடு ஒன்று வைத்துத்தான் மேலே பூசுவார்கள். எஞ்சின் இருக்கிற வரைக்கும் அதுவும் அங்கேயே இருக்கும். என் கையாலேயே எத்தனையோ தோட்டங்களில் வைத்திருக்கிறேன். தகடு வைக்காமல் எஞ்சின் இறக்குவது எனக்குச் செருப்போடு கோயிலுக்குள் போகிற மாதிரி.

பேச்சி தன் பூசைமாடத்திலிருந்து அம்மன் தகட்டை எடுத்துவந்தாள். உள்ளங்கை அகலம். கல்யாணமாகி வரும்போது அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தினமும் மஞ்சளும் குங்குமமும் வைத்து வைத்து அம்மன் முகம் மழுங்கியிருக்கும். "அண்ணனுக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்றாள். மச்சானுக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல். என் நெற்றி விபூதியைப் பார்த்து, "சுவத்துக்கு வெள்ளையடிச்சாச்சா மாப்ள?" என்று கேட்கிறவர். அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகின் ஆழமான இடத்தில், சட்டத்துக்கு அடியில் வைத்தோம். மேலே எஞ்சினை இறக்கி போல்ட்டை முடுக்கினேன். எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிற வழக்கம் இல்லை. அதனால் முழுத் தேங்காயை அப்படியே படகு முனையில் வைத்துக் கும்பிட்டோம்.

செம்பு ஆகாது என்று இரண்டு தரம் சொன்னவன் நான். வாஷரைப் பொறுக்கினவன் நான். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது செம்பாகத் தெரியவில்லை. அது எங்களுக்கு அம்மன்.

முதல் நாள் கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கரையில் வைத்தே தண்டையும் எஞ்சினையும் நூல் பிடித்த மாதிரி நேர் பார்த்து முடுக்கிவிட்டேன். கிணற்றுமேட்டுப் பழக்கம். கிணற்றுமேடு அசையாது. படகு தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தது, தண்டு சுற்றாமல் இறுகிக்கொண்டது. பெரிய மெக்கானிக் நான், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எல்லா போல்ட்டையும் மறுபடி அவிழ்த்தேன். கரையில் பரிசல்காரர்கள் குந்தியிருந்து பார்த்தார்கள்.

"ஏலே, அது படகா மாவு மில்லா?"

"எங்க வீட்டு அரிசி ஊறப்போட்டுருக்குண்ணே. கொண்டாரச் சொல்லவா?"

நேர்செய்து, படகுக்குள் ஏறி நின்று கயிறை இழுத்தேன். எஞ்சினையும் தண்டையும் இணைக்கிற பெல்ட்டைத் தளர்த்தி வைக்க மறந்துபோனேன். எஞ்சின் கிளம்பிய அதே நொடி படகும் கிளம்பிவிட்டது. நான் பின்பக்கமாகத் தண்ணீருக்குள். மச்சான் மட்டும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இத நிறுத்துறது எப்பிடி? ஏ மாப்ள!" என்று கத்திக்கொண்டே நடு அணையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். கரையே சிரித்தது. பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்புறம் படகு ஓடியது. நன்றாகவே ஓடியது. பின்னால் போகத் தெரியாது, முன்னால் மட்டும்தான். அதற்கென்ன, கரை வரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு மச்சான் குதித்து இழுத்துவிடுவார். தண்டு வெளியே போகிற இடத்தில் பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கப் போடுகிற அதே கிளாண்டுக் கயிறைச் சுற்றி கிரீஸ் வைத்து இறுக்கியிருந்தேன். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும். "ஒழுகுனாத்தான் நல்லதுன்னு சொல்ற ஒரே மெக்கானிக்கு நீதான்யா" என்பார். சொட்டுகிற தண்ணீர் படகின் அடியில் தேங்கும். மீன் பெட்டியில் குளிர்ச்சி கூட இருக்க ஐஸோடு கல்லுப்புப் போடுவார். அந்த உப்புத்தண்ணீரும் வடிந்து அங்கேயேதான் சேரும். வெளியே தெரிகிறதை மட்டும் டப்பாவால் இறைத்து ஊற்றுவார். சட்டத்துக்கு அடியில் யார் பார்த்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு அக்கரை வரைக்கும் போனார். தண்ணீருக்கு மேலே பேச்சி போனது அதுதான் முதல் தடவை. பயத்தில் என் தோளைப் பிடித்தவள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விட்டுத் தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு வந்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. மூன்று பேரும் பேசாமலே போய்ப் பேசாமலே வந்தோம். என் ஆயுசில் அதைவிட நிறைவான பேச்சு நான் பேசியதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டே காதைத் தண்ணீர்ப் பக்கம் வைத்திருப்பாள். படகு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். தபதபதபவென்று. "அண்ணன் வந்துட்டாக, எலையப் போடுங்க" என்பாள். எனக்கு இன்னும் கேட்டிருக்காது. எஞ்சினோடேயே பிழைக்கிற என் காதுக்கு முன்னால் அவள் காதுக்குத்தான் கேட்கும்.

அடுத்த ஆடி பிறந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டு போனுக்கு மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, நீ மட்டும் வா." போனேன். படகு கரையோரம் பாதி முழுகிக் கிடந்தது. நடு அணையைத் தாண்டி, அலையெல்லாம் தாண்டி, இடுப்பளவு தண்ணீருக்கு வந்த பிறகுதான் குபுகுபுவென்று ஏறியிருக்கிறது. இறங்கி நடந்தே இழுத்துவந்துவிட்டார். கிளாண்டு விட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. பரிசல்காரர்கள் இரண்டு பேர் கைகொடுக்க, மேலே இழுத்து எஞ்சினைக் கழற்றி வேப்பஞ்சட்டத்தைத் தூக்கினோம்.

அம்மன் தகடு அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். அதன் அடியிலும் சுற்றிலும் அலுமினியம் சுண்ணாம்பு குழைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. தகட்டை எடுத்தால் அதே அகலத்துக்குப் படகில் ஓட்டை. அதன் வழியாக அணைக்கரைச் சேறு தெரிந்தது.

தூத்துக்குடிக்காரர் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மச்சான் ஈரமணலை எடுத்துத் தகட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். பச்சை போகிற வரைக்கும், அம்மன் முகம் பளபளவென்று வருகிற வரைக்கும் தேய்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேச்சிகிட்ட கல்லுல மோதுச்சுன்னு சொல்லுவேன். நீயும் அதத்தான் சொல்லணும். வேற என்னமாச்சும் ஒன் வாயில வந்துச்சு, நான் ஒனக்கு மச்சானில்ல."

வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். தகட்டை அவள் கையில் கொடுத்து, "ஒன் சாமி பத்திரம் ஆத்தா. படகுதான் போச்சு. கல்லு" என்றார். பேச்சி தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தீகளாண்ணே, நடுத்தண்ணியில விடாம கரையில கொண்டாந்து விட்டா." மச்சான், "ஆமாத்தா, அவதான்" என்றார். இன்றைக்கு வரைக்கும் நானும் அதைத்தான் நம்புகிறேன். அம்மன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் காக்கத்தான் செய்தாள். தின்றது செம்பு.

தேனி வெல்டிங்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டையைச் சுற்றியிருக்கிற படகுத் தகடும் இற்றுப்போய்விட்டது, ஒட்டினால் நிற்காது என்று சொல்லிவிட்டார். மச்சான் வண்டன்மேட்டுக்குப் பஸ் ஏறினார். கம்பம் வரைக்கும் நாங்களும் கூடப்போனோம். சொன்னபடி பேச்சி அழவில்லை. பஸ் மலை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள். அவர் பிறகு வந்துபோனது எல்லாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தாலும் அவர் துண்டில் ஏலக்காய் வாசனைதான் இருக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில், பேச்சி பூசைமாடத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்ன என்று போய்ப் பார்த்தேன். ஒரு கையில் தீர்த்தச் செம்பு, ஒரு கையில் அலுமினியத் தட்டு. தட்டில் வெள்ளையாக ஒரு வட்டம். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் படகு... என் தகடுதானா?"

மலையில் மழை போலிருக்கிறது. சத்தத்துக்கு நடுவே மச்சான் குரல் எனக்கும் கேட்டது. "ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? கல்லுங்கிறேன். இம்புட்டுப் பெரிய கல்லு. நாந்தான கண்ணால பாத்தேன்?"

பேச்சி அந்த வெள்ளை வட்டத்தை விரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு, "சரிண்ணே" என்றாள். போனை வைத்துவிட்டுப் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, நான்காக மடித்து, வேறு ஒரு அலுமினியத் தட்டில் விரித்து அதன்மேல் செம்பை வைத்தாள். அதோடு சரி. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாரம் ஒரு தரம் அந்தத் துணியைத் துவைத்துப் போடுவாள்.

மச்சான் மலையிலேயே ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இப்போது அணைக்கரையில் அந்தச் சாய்ப்பு இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தேனி வெல்டிங் கடையில் செல்போன் விற்கிறார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் போடுவதில்லை. அந்த மாதிரி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஆளில்லாததால் கடையையும் நான் எப்போதோ மூடிவிட்டேன். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் பஸ் ஏறி அணைக்கரைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். பரிசல்கள் சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தன. நான் காதைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே லேட்டாகத்தான் கேட்கும் என்று இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். வட்டம் போகவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்து, அவள் மடித்தபடியே நான்காக மடிக்கப் பார்த்தேன். எனக்கு ஓரம் சேரவில்லை. எப்படியோ விரித்து, செம்பை அதன்மேல் வைத்து, விழுந்து கும்பிட்டேன். அம்மன் தகடு மாடத்தில் பளபளவென்று இருந்தது.

எழுந்திருக்கும்போது, யாரும் கேட்காமலேயே, "கல்லுதான் பேச்சி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சரி என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.